காதுக்குத் தெரிந்த மலையாளம் கண்ணுக்குத் தெரியாது: எங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு திறந்த மடல்

பஞ்சாயத்துத் தலைவர், செயலாளர், வார்டு மெம்பர்கள் அனைவருக்கும்,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், நம் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருந்த தமிழ் அறிவிப்புப் பலகையைக் கழற்றி நான்கு மாதம் ஆகிறது. நிழற்குடையைப் புதுப்பிக்கிறோம் என்று எடுத்தீர்கள். நிழற்குடை வந்துவிட்டது, பலகை வரவில்லை. ஆட்டோவில் மைக் கட்டி வார்டு வார்டாகச் சொல்லிக்கொண்டு போவதும் அதோடு நின்றது. நேரில் வந்து கேட்டேன். இனி எல்லாத் தகவலும் வாட்ஸ்ஆப் குழுவில் வரும் என்றீர்கள். வருகிறது, மலையாளத்தில் மட்டும். இதை ஏற்றுக்கொள்ள முடியாது என்பதை எழுத்தில் சொல்லவே இந்த மடல்.

நான் கல்லூரி வாசலுக்கு எதிரே பதினான்கு வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். காலையில் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட், ப்ராஜெக்ட் பைண்டிங். பிற்பகலில் ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது. அதே கல்லூரியில் படித்தவள் நான். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு அது சரளமாக வந்தது அங்கேதான். இந்த நான்கு மாதமாக என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜெராக்ஸ் எடுக்க வருவதில்லை. போனை நீட்டுகிறார்கள். "அம்மிணி, இதுல என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் பாரு." பஞ்சாயத்து அனுப்பும் செய்தியைப் பஞ்சாயத்தின் வாக்காளருக்கு வாசித்துக் காட்டுவது என் வேலையாகிவிட்டது. வாசிக்க எனக்குச் சலிப்பில்லை. ஆனால் கடைக்கு வராதவர்களுக்கு யார் வாசிக்கிறார்கள்?

ஒரு திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். தெற்கு வார்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, தொழிலுறப்பு என்னும் ஊரக வேலை உறுதித் திட்ட வேலைக்குப் போகிறவர். அவருடைய ஓட்டு வீட்டில் உத்தரம் இற்றுப்போய், சமையலறைப் பக்கத்துக் கூரையை ஒரு தென்னங்கட்டைதான் தாங்கி நிற்கிறது. வீட்டு மராமத்து உதவிக்கான படிவத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'வியக்திகத ஆனுகூல்யம்' (தனிநபர் உதவி) என்று தலைப்புப் போட்டு அங்கன்வாடி மூலம் நீங்கள் கொடுக்கும் அதே படிவம், அதுவும் மலையாளத்தில் மட்டும். அதைச் சரியாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அன்று மகளின் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "நேத்து எல்லாரும் ஸ்கூலுக்குப் போனாங்களாமா, எதுக்குன்னு பாரு கண்ணு" என்றார்.

முந்தின வியாழக்கிழமை இரவு வந்திருந்த செய்தி அது. வார்டு கிராமசபா யோகம், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி, பள்ளிக்கூடத்தில். பயனாளிகள் பட்டியலை முடிவு செய்யும் கூட்டம். நான் வாசித்து முடித்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. போனை வாங்கி முந்தானையில் துடைத்தார். "அப்ப என்ர பேரு?" என்று கேட்டார்.

நான் வேறு வார்டு. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களிடம் விசாரித்தேன். அவர் பெயர் வந்தபோது வீட்டின் நிலையை எடுத்துச் சொல்ல ஆளில்லை. பெயர் கீழே போய்விட்டது. கிராமசபை போட்ட முன்னுரிமை வரிசையைப் பஞ்சாயத்து மாற்றக்கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் சொல்கிறது. நல்ல விதி அது. மெம்பருக்கு வேண்டியவர், கட்சிக்கு வேண்டியவர் என்று பட்டியலைத் திருத்த முடியாமல் தடுப்பதற்காக வைத்த விதி. அதே விதி இன்று அந்த அம்மாவுக்கு எதிராக நிற்கிறது. கூட்டம் எப்போது என்று அவருக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான் காரணம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு மலையாளம் தெரியும். உங்களில் யாரும் அவரிடம் மலையாளத்தில் பேசிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் பதில் சொல்வார். வேலைத் தளத்தில் அவரோடு மண் சுமக்கிறவர்கள் மலையாளிகள். ஓணத்துக்கு அவர் வீட்டு வாசலிலும் பூக்களம் உண்டு. எங்கள் தாலுகாவில் தமிழ் பேசும் பெரியவர்கள் பெரும்பாலானோர் இப்படித்தான். காதுக்கு மலையாளம் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. தமிழ் மீடியத்தில் நாலு, அஞ்சு படித்தவர்கள். சிலர் அதுவும் இல்லை. மைக் ஆட்டோ மலையாளத்தில் கத்திக்கொண்டு போனாலும் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். பலகை தமிழில் இருந்தால் ஒருவராவது எழுத்துக்கூட்டி அடுத்தவருக்குச் சொல்வார். காதுக்கான வழியையும் கண்ணுக்கான வழியையும் ஒரே நேரத்தில் அடைத்துவிட்டு, எல்லோருக்கும் தகவல் அனுப்பிவிட்டோம் என்று உங்கள் மினிட்ஸில் எழுதுகிறீர்கள்.

குழுவில் வருவதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்க்கலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நீங்கள் அனுப்புவது சீல் வைத்த தாளைப் போட்டோ எடுத்து. பாதி நேரம் அது சாய்ந்திருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். அதில் விரல் வைத்து எழுத்தைப் பிடிக்க முடியாது. பெரியவர்களிடம் இருப்பது பேரன் தூக்கிப் போட்ட பழைய போன். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர். அவர்களுக்குக் குழுவே கிடையாது.

எழுத்தை மட்டும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. சொல்லும் வேறுபடுகிறது. 'யோகம்' என்றால் உங்களுக்குக் கூட்டம். தமிழில் அது அதிர்ஷ்டம். 'அவதி' உங்களுக்கு விடுமுறை, எங்களுக்குத் துன்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு அர்த்தமும் பழக்கம். ஆனால் இது கல்லூரி ஊர். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துப் பிள்ளைகளும் மூணாறுத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இங்கே அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். வாடகை, மெஸ், பெட்டிக்கடை என்று பாதி ஊர் அந்தப் பிள்ளைகளை நம்பி ஓடுகிறது. அவர்களும் இந்த ஊர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

போன மாதம் மஞ்சள்காமாலை பரவியபோது சுகாதார எச்சரிக்கை ஒன்று குழுவில் வந்தது. கல்லூரிச் சுவரிலும் ஒட்டினார்கள். "மஞ்ஞப்பித்தம்" என்று மேலே பெரிதாக, கீழே "திளப்பிச்ச வெள்ளம் மாத்ரம் குடிக்குக". என் கடைக்கு அடிக்கடி வரும் ஒரு பெண் அதைப் பார்த்திருக்கிறாள். யாரோ அவளுக்குத் தலைப்பை மட்டும் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். பித்தம் என்று காதில் விழுந்ததும் ஏதோ வயிற்றுக் கோளாறு, எலுமிச்சை ஜூஸ் குடித்தால் போய்விடும் என்று நினைத்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற வரி அவளிடம் போய்ச் சேரவேயில்லை. அந்த அறையில் மூன்று பேர், இரண்டு பேருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. ஒருத்தி இந்த செமஸ்டர் எழுதவில்லை. எச்சரிக்கையைப் படித்திருந்தால் வந்திருக்காது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஹெப்படைட்டிஸ் ஏ கிருமி உடம்புக்குள் போனபின் நோயாக வெளியே தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். எச்சரிக்கைக்கு முன்பே அது உள்ளே போயிருக்கலாம். ஆனால் எச்சரிக்கைக்குப் பிறகும் அந்த மூன்று பேரும் பல நாள் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடித்தார்கள். அதை அவர்களே என்னிடம் சொன்னார்கள். நாலு வரி தமிழ் அந்தச் சுவரில் இருந்திருந்தால் அந்த நாட்களில் ஓர் அடுப்பாவது எரிந்திருக்கும்.

விவசாயிகள் கதையும் இதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தத் தாலுகாவின் கிழக்குப் பக்கம் முழுவதும் ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பூமி. 1970-ஆம் ஆண்டு பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வர வேண்டும். அந்தக் கணக்குக்காக இரண்டு மாநிலமும் அதிகாரிகளை உட்கார வைத்துப் பேசுகின்றன. அவ்வளவு பாடுபட்டு வாங்கும் தண்ணீர் எந்தக் கிளை வாய்க்காலில் எந்தத் தேதி வருகிறது என்ற கடைசிச் செய்தி மட்டும் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. வாய்க்கால் முகப்பைச் செதுக்கி வைக்காத தோட்டத்துக்கு முறைத் தண்ணீர் பாய்வது எப்படி?

நாங்கள் நேற்று வந்து குடியேறியவர்கள் இல்லை. சித்தூர், கொச்சி ராஜ்யத்தின் தனித் துண்டாகச் சென்னை மாகாணத்து மாவட்டங்களுக்கு நடுவே கிடந்த காலத்திலிருந்தே இந்த மண்ணில் இரண்டு மொழியும் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது எங்கள் தாத்தாமார்களின் தோட்டம் இந்தப் பக்கம் நின்றது. கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் செக்போஸ்ட் வந்தது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும்தான். மலையாளத்தின் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வந்து தங்கியதாகச் சொல்லும் தெக்கே கிராமம் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. அங்கே ஓடும் ஆற்றைச் சோகநாசினி என்று நாங்களும் சொல்கிறோம். என் மகன் மலையாளமும் படிக்கிறான். அவன் தலைமுறைக்கு இந்த மடல் தேவைப்படாது. ஆனால் அவன் பாட்டிக்கு இன்றைக்குத் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று தெரிய வேண்டும். எழுபது வயதில் அவரைப் புதிதாக ஐம்பத்து சொச்சம் எழுத்துப் படிக்கச் சொல்வது நியாயமா?

"கேரளாவில் இருக்கிறீர்கள், மலையாளம் படிக்கக் கூடாதா?" என்று அலுவலக வராந்தாவில் என்னைக் கேட்டார்கள். சத்தமாகவே கேட்டார்கள், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று எனக்கு நாக்கு எழவில்லை. இப்போது பதில் எழுதுகிறேன். கேரள அரசின் சட்டமே எங்களை இப்படிக் கேட்கவில்லை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் எழுதலாம் என்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. குறை தீர்க்கக் கேட்டு நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்குத் தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க்குகளை எடுக்க அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி. தனியாகத் தேர்வே வைக்கிறது. அந்தத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பவள் நான்.

சட்டம் கடிதத்தைப் பற்றித்தானே பேசுகிறது, அறிவிப்பைப் பற்றி இல்லையே என்று செயலாளர் சொல்லக்கூடும். நான் தமிழில் ஒரு கேள்வி எழுதி அனுப்பினால் தமிழில் பதில் வர வேண்டும் என்பது அரசு ஏற்றுக்கொண்ட முறை. அப்படியானால் கேட்காமலே சொல்ல வேண்டிய செய்தியை, அதுவும் உயிருக்கும் வீட்டுக்கும் ஆன செய்தியை, நான் படிக்க முடியாத எழுத்தில் மட்டும் கொடுப்பது எந்த முறையில் சேரும்?

2025 டிசம்பரில் ஓட்டுக் கேட்டு வந்தபோது உங்களில் பலர் கொடுத்த துண்டு நோட்டீஸ் தமிழில் இருந்தது. மூன்று கட்சியினரும் என் கடையில் வந்துதான் டைப் அடித்துக்கொண்டு போனார்கள். "அன்பான வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பித்து, சின்னம் வரை தமிழில். பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கூடவே நின்றீர்கள். ஓட்டுக் கேட்க எங்கள் எழுத்து தேவைப்பட்டது. கிராமசபைக்குக் கூப்பிட மட்டும் அது ஏன் தேவைப்படவில்லை?

கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும், வார்டு வாக்காளரில் பத்தில் ஒரு பங்கு வந்திருக்க வேண்டும். எங்கள் வார்டுக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் குடும்பஸ்ரீ என்னும் சுயஉதவிக் குழுப் பெண்கள், வரச் சொல்லி ஆள் அனுப்பியதால் வந்தவர்கள். அந்தக் குறைந்தபட்ச ஆள்கணக்கான கோரம் நிறைய வேண்டும் என்று வெளியே பால் சொசைட்டிக்கு வந்தவர்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியதை நான் பார்த்தேன். ஆள் வரவில்லை என்று மேடையில் வருத்தப்பட்டுப் பேசினீர்கள். வர வேண்டியவர்கள் இருநூறு அடி தள்ளி, கூட்டம் நடப்பதே தெரியாமல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதே தாலுகாவில், பிளாச்சிமடையில், 2002-இல் மயிலம்மாவும் எரவாளர், மலசர் பழங்குடிப் பெண்களும் குளிர்பான ஆலையால் கிணற்றுத் தண்ணீர் கெட்டதற்கு நியாயம் கேட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் பெருமாட்டிப் பஞ்சாயத்து அந்தக் குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004-இல் ஆலை நின்றது. ஒரு பஞ்சாயத்தால் என்ன முடியும் என்று நாடே பார்த்தது நம் பக்கத்து ஊரில். அந்தப் பஞ்சாயத்தின் பின்னால் விஷயம் தெரிந்த ஜனம் நின்றது. உங்கள் பின்னாலும் அப்படி ஜனம் நிற்க வேண்டும் என்று விரும்புகிறவள்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பவை இவை.

பஸ் ஸ்டாண்டுத் தமிழ்ப் பலகையை இந்த மாதம் முடிவதற்குள் திரும்ப மாட்டுங்கள். ரேஷன் கடை, பால் சொசைட்டி, அங்கன்வாடி, கல்லூரி வாசல் ஆகிய இடங்களிலும் மலையாள நோட்டீஸ் ஒட்டும் அதே நாளில் தமிழ் நோட்டீஸும் ஒட்டுங்கள்.

கிராமசபை, நோய் எச்சரிக்கை, தண்ணீர், பென்ஷன் மஸ்டரிங் (பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதை உறுதி செய்யும் பதிவு), வீட்டு வரி, இவற்றுக்கு மைக் ஆட்டோவைத் திரும்ப விடுங்கள். கிராமசபைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால். மஸ்டரிங்கைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தேதி தப்பினால் மாதம் 2000 ரூபாய் நின்றுபோகும், சில வீடுகளில் மாத்திரைச் செலவுக்கு அது ஒன்றுதான் வழி.

வாட்ஸ்ஆப்பில் போடுவதைப் போடுங்கள். ஆனால் ஒவ்வொரு தாளோடும் ஒரு நிமிடக் குரல் பதிவையும் அனுப்புங்கள், முதலில் மலையாளம், பிறகு தமிழ். மெம்பரே தன் போனில் பேசி அனுப்பிவிடலாம், இதற்கு ஒரு பைசா செலவில்லை. எழுத்துத் தெரியாத மலையாளப் பெரியவர்களுக்கும் இது உதவும், அவர்களும் என் கடைக்கு வருகிறவர்கள்தான்.

அலுவலகத்தில் தமிழ் தெரிந்த கிளார்க் மாற்றலாகிப் போனபின் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லி அடுத்த கமிட்டியில் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்புங்கள். ஆள் வரும் வரை, கல்லூரியில் தமிழும் மலையாளமும் படிக்கும் பிள்ளைகளில் இரண்டு பேரை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொண்டு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுங்கள். அவர்களை இலவசமாக வேலை வாங்காதீர்கள். டைப் அடித்துப் பிரிண்ட் போடுவதை ஆறு மாதத்துக்கு நான் காசில்லாமல் செய்து தருகிறேன், தாள் மட்டும் கொடுங்கள். தனிநபர் உதவிப் படிவத்தைத் தமிழில் அச்சிட வேண்டும். அதன் மொழிபெயர்ப்பை நான் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறேன், வாங்கிச் சரிபாருங்கள்.

தெற்கு வார்டு கிராமசபையை இன்னொரு முறை கூட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் கூட்டத் தடையில்லை. இந்தத் தடவை தமிழிலும் சொல்லிக் கூட்டுங்கள். விண்ணப்பித்தும் அன்று வர முடியாமல் போனவர்கள் தங்கள் வீட்டு நிலையைத் தாங்களே சொல்லட்டும். பட்டியலைச் சபையே மறுபடி பார்த்து முடிவு செய்யட்டும். அதற்கு முன் ஓவர்சியரை அனுப்பி அந்த உத்தரத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு அது தாங்காது.

இந்த மடலுக்கு 30 நாளுக்குள் எழுத்தில், தமிழில் பதில் தாருங்கள். எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, முடியாது என்றால் எந்த விதிப்படி என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். பதில் வந்ததும் கடைக் கதவில் ஒட்டி, கேட்கிறவர்களுக்கு வாசித்தும் காட்டுவேன்.

இப்படிக்கு,
கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரி,
இந்தப் பஞ்சாயத்தின் வாக்காளர்